இரண்டு கை வேண்டிய சுரம்

இது இட்டுக்கட்டியது இல்லை. நடந்தது. இதில் வருகிற மூன்று பேர் இன்றைக்கும் ஏற்காட்டில்தான் இருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டில் நின்று பெயரைச் சொல்லிக் கேட்டால் யாராவது ஒருவர் வீட்டைக் காட்டுவார். தேதி, மணி எல்லாம் மரியபுஷ்பத்தின் டைரியில் நீலப் பேனாவால் எழுதி இருக்கிறது. எஸ்டேட் ஆபீசில் வேலை பார்ப்பவளுக்கு எது நடந்தாலும் மணியைக் குறித்துவைக்கிற பழக்கம் உண்டு. எட்டு மாதம் அதை அவள் யாருக்கும் காட்டவில்லை. சொன்னால் நம்பமாட்டார்கள் என்பதற்காக இல்லை. இதில் அவள் செய்த ஒரு தப்பும் இருக்கிறது. அதற்காக.

மரியபுஷ்பத்துக்கு வயது முப்பத்தாறு. நாகலூருக்கு மேலே ஒரு காபி எஸ்டேட்டின் ஆபீசில் வேலை. தங்கை லூர்துசெல்வியோடு ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்குக்குப் பின்னால் ஒரு வாடகை வீட்டில் இருந்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை தலை நிமிராமல் வேலை பார்க்கிறவள், சனிக்கிழமை வந்தால் வேறு ஆளாகிவிடுவாள். தோளில் கிட்டார் ஏறிவிடும். கீபோர்டு வாசித்துக்கொண்டே பாட லோகேஷ், டிரம் பேடு தட்ட அஃப்சல், கிட்டாருக்கு இவள். மொத்தம் மூன்றே பேர் கொண்ட குழு. ரிசார்ட், பிறந்தநாள், நிச்சயதார்த்தம் என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவார்கள்.

பதினைந்து வருஷமாக அவளிடம் இருந்தது ஒரு பழைய மரக் கிட்டார். அதற்கு முன்னால் ஒரு மைக்கை வைத்துத்தான் வாசிப்பாள். சாப்பாட்டுத் தட்டுகளின் சத்தத்தில் பாதி அமுங்கிப் போகும். "அக்கா வாசிக்கறது நம்ம மூணு பேருக்கு மட்டும்தான் கேக்குது" என்று அஃப்சல் சிரிப்பான். ஒண்டிக்கடையில் ஸ்வெட்டர் கடை வைத்திருப்பவரின் மகன் அவன். வயது இருபத்து மூன்று. வயர், பிளக், சத்தத்தைப் பெருக்குகிற ஆம்ப் எல்லாம் அவன் பொறுப்பு.

போன நவம்பரில் மரியபுஷ்பம் சேலத்துக்குப் போய் ஓர் எலக்ட்ரிக் கிட்டார் வாங்கினாள். கருநீலம். புத்தம் புதுசு என்றார் கடைக்காரர். முன்பக்கத்தில் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள்கூடப் பிரிக்காமல் இருந்தது. இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் அதைக் குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டே வந்தாள். மேலே வந்து சேர்வதற்குள் கால் இரண்டும் மரத்துப் போயின. அது ஒன்றும் அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

அதைக் கொண்டு முதல் ப்ரோக்ராம் நவம்பர் ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை. நாகலூர் ரோட்டில் ஒரு ரிசார்ட். மாலை ஏழு மணி.

முதல் கம்பியைத் தட்டியதுமே அவளுக்குப் புரிந்துவிட்டது, இத்தனை வருஷம் எதை இழந்திருக்கிறோம் என்று. கம்பியை அழுத்திப் பிடிக்கிற கழுத்துப் பகுதி மெலிசு. பழைய கிட்டாரில் விரல் வலிக்க அழுத்த வேண்டிய இடத்தில் இதைத் தொட்டாலே போதும். ஒரு சுரத்தைத் தட்டிவிட்டால் அது அறைக் கோடி வரை போய்த் திரும்பி வந்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். பதினைந்து வருஷத்தில் முதல் தடவை.

குறை இல்லாமல் இல்லை. சுண்டுவிரல் பட்டு வால்யூம் திருகிக்கொண்டது. மலைக் குளிருக்குக் கம்பி இறுகி ஒவ்வொரு பாட்டுக்கும் சுருதி கொஞ்சம் ஏறியது. அப்புறம் அந்த இரைச்சல்.

எலக்ட்ரிக் கிட்டார் வைத்திருப்பவர்களுக்கு இது தெரியும். ஆம்ப் போட்டவுடன் "ம்ம்ம்ம்..." என்று ஓர் இரைச்சல் வரும். கம்பியின் மேல் கை வைத்தால் அடங்கும். கையை எடுத்தால் மறுபடி வரும். பயப்பட ஒன்றும் இல்லை. கரண்ட் சமாச்சாரம். அஃப்சல் அன்றைக்கு அவளுக்கு விளக்கிச் சொன்னான். அவளும் கையை வைத்து, எடுத்து, இரண்டு மூன்று தடவை விளையாட்டாகப் பார்த்துக்கொண்டாள்.

ஏழு ஐம்பதுக்கு இடைவேளை. கிட்டாரை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு மூவரும் டீ குடிக்க ஓரமாகப் போனார்கள். பதினைந்து அடி தூரம் இருக்கும். ஆம்ப் அணைக்கவில்லை. இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

ம்ம்ம்ம்ம்...

ஏழு ஐம்பத்திரண்டுக்கு அது நின்றது.

மரியபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். ஆம்பின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. கிட்டார் ஸ்டாண்டில் அப்படியே நின்றது. பக்கத்தில் யாரும் இல்லை. நான்கு, ஐந்து நொடி. மறுபடி இரைச்சல் வந்தது. மறுபடி நின்றது. வந்தது. நின்றது.

யாரோ கம்பியின் மேல் கையை வைத்து, எடுத்து, பார்த்துக்கொண்டிருப்பது போல.

"அஃப்சல், அங்க பாரு சாமி."

அவன் பார்த்தான். டீயை ஒரு வாய் குடித்தான். "பழைய வயரிங்குங்கக்கா. இந்த ரிசார்ட்ல எப்பவுமே இப்படித்தான்."

அவளும் அப்படித்தான் நினைத்துக்கொண்டாள். டைரியில் மணியை மட்டும் எழுதினாள்.

செவ்வாய்க்கிழமை சாயந்திரம் வீட்டில் கிட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது இன்னொன்றைக் கவனித்தாள். கம்பிகள் மாட்டி இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஆனால் தடித்த மூன்று கம்பிகளின் அடிப்பக்கத்தில், உள்ளங்கை படுகிற இடத்தில், துரு ஏறியிருந்தது. மூன்று விரற்கடை நீளம். வேர்வைக் கையை அங்கேயே வைத்து வைத்து வாசித்தால்தான் அப்படித் துருப்பிடிக்கும். அவள் அந்த இடத்தில் கை வைக்கிறவளே இல்லை. அவளுடைய கை எப்போதும் கம்பிக்கு மேலே மிதந்தபடிதான் இருக்கும்.

"நீ தொட்டியா?" என்று தங்கையிடம் கேட்டாள்.

"எனக்கெதுக்கு? நான் அந்த ரூமுக்கே போறதில்ல." லூர்துசெல்வி கதவு வரை போய்த் திரும்பினாள். பிறகு கேட்டாள். "ஏங்க்கா, நேத்து நீ ஆபீஸ்ல இருந்து எத்தன மணிக்கு வந்த?"

"ஆறரைக்கு. ஏன்?"

"நான் அஞ்சரைக்கு வந்தப்ப உள்ள லேசா டொக், டொக்குனு கேட்டுச்சு. நீ வந்துட்டேனு நெனச்சு காபி போட்டேன்."

இரண்டாவது ப்ரோக்ராம் பதினேழாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. டவுனில் ஒரு சின்ன மண்டபம். நிச்சயதார்த்தம். பட்டப்பகல். நல்ல வெயில் வேறு. நூறு பேருக்கு மேல் கூட்டம். இந்த இடத்தில் எதற்குப் பயப்படப் போகிறோம் என்றுதான் மரியபுஷ்பம் நினைத்தாள். வாசிப்பும் அன்றைக்குப் பிரமாதமாக அமைந்தது. கிட்டார் அவள் கைக்குப் பழகிவிட்டது. இல்லை, அவள் நினைப்பதற்கு அரைக் கணம் முன்னாலேயே அது போகிற மாதிரி இருந்தது. லோகேஷ்கூட, "எங்க புஷ்பக்கா கத்துக்கிட்ட இதெல்லாம்?" என்று கேட்டான். அவள் சிரித்துவைத்தாள். எங்கே கற்றுக்கொண்டோம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

ஒன்று நாற்பதுக்குக் கூட்டம் பந்திக்குப் போய்விட்டது. மேடையில் இவர்கள் மூவரும் மட்டும். கிட்டார் ஸ்டாண்டில். ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தது.

ம்ம்ம்ம்ம்...

ஒன்று நாற்பத்தேழு. நின்றது.

மரியபுஷ்பம் அசையவில்லை. இந்த முறை மூவருமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வயரிங். வேறு மண்டபம்.

பிறகு ஒரு சத்தம் வந்தது. க்ரீச்... என்று. தடித்த கம்பியின் மேல் விரல் வழுக்கிப் போனால் வருகிற சத்தம். கிட்டார் வாசிப்பவர்களுக்கு அது மூச்சு மாதிரி பழகிய சத்தம். ஆம்ப் வழியாக மெல்லிசாக வந்தது.

அதற்குப் பிறகு ஒரே ஒரு சுரம்.

டங்...

மெதுவாகத்தான். ஆனால் சுத்தமாக.

அஃப்சல் எழுந்து போய் ஆம்பை அணைத்தான். "குளிருக்குக் கம்பி இறுகியிருக்கும். தானா அதிரும்ங்கக்கா" என்றான். வெளியே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவன் அதைச் சொல்லும்போது கிட்டாரைப் பார்க்கவில்லை.

லோகேஷ் கீபோர்டில் அந்தச் சுரத்தைத் தேடித் தட்டிப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"இது சும்மா தட்டினா வர்ற சுரம் இல்ல. ஆறு கம்பியில எதத் தட்டினாலும் இது வராது. மேல அழுத்திப் புடிக்கணும். கீழ தட்டணும்." கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். "ரெண்டு கை வேணும்."

அன்றைக்கு மீதிப் ப்ரோக்ராமை எப்படி முடித்தார்கள் என்று அவர்களுக்கே நினைவில்லை. சாமான்களை வேனில் ஏற்றும்போது லோகேஷ் சொன்னான். "குடுத்துடு புஷ்பக்கா. பழையதே போதும்."

அவளுக்கு மனசு வரவில்லை. பதினைந்து வருஷம் தட்டுச் சத்தத்துக்குள் காணாமல் போனவள் அவள். இப்போதுதான் நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அதோடு, அந்த ரிசார்ட் மேனேஜர் அடுத்த சனிக்கிழமையும் கூப்பிட்டிருந்தார். நன்றாக அமைந்தால் சீசன் முழுக்க உங்களுக்கே என்று சொல்லியிருந்தார். "இன்னும் ஒரே ஒரு தடவ பாப்போம்" என்றாள்.

அந்த ஒரு தடவை, இருபத்து மூன்றாம் தேதி.

மாலை நாலரைக்கு ஆரம்பம். டீ நேரத்துக்கான ப்ரோக்ராம். மூன்று பக்கமும் திறந்த கொட்டகை. எதிரே புல்வெளி, அதைத் தாண்டிப் பள்ளத்தாக்கு. நாலே முக்காலுக்குக் கீழே இருந்து பனிமூட்டம் ஏறத் தொடங்கியது. ஐந்து மணிக்குப் புல்வெளி தெரியவில்லை. நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் வெறும் நிழலாகிவிட்டார்கள். பிறகு அந்த நிழலும் இல்லை. கைதட்டல் மட்டும் வெள்ளையிலிருந்து வந்தது.

ஐந்து மணி ஆறு நிமிஷத்துக்குக் கரண்ட் போனது.

ஜெனரேட்டர் போடும்போது ஆம்ப் புகைந்துவிடக் கூடாதென்று அஃப்சல் எப்போதும் செய்கிறதைச் செய்தான். தட்டுத்தடுமாறிப் போய் ஆம்ப் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கினான். "இருங்கக்கா, அப்படியே நில்லுங்க. கால்ல வயர் சிக்கும்" என்று குரல் கொடுத்தான்.

மரியபுஷ்பம் நின்றாள். கிட்டார் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு கையையும் வாயருகே குவித்து ஊதிச் சூடாக்கிக்கொண்டாள். பனி அவள் முகத்துக்கு முன்னாலேயே ஓடியது. கிட்டாரின் மறுமுனை கண்ணுக்குத் தெரியவில்லை.

கிட்டார் லேசாக ஆடியது.

ஆடாமல் பிடிக்க இடது கையைக் கொண்டுபோனாள். பழகிய இடம். பார்க்காமலே கை போகும்.

போனது.

அங்கே விரல்கள் இருந்தன.

நான்கு விரல். ஈரமாக. சில்லென்று. கம்பியை அழுத்திப் பிடித்தபடி.



கையை இழுத்தாள். இழுக்க முடியவில்லை. அந்த விரல்கள் கீழே இருந்து நழுவி, அவள் விரல்களுக்கு மேலே ஏறின. ஒவ்வொன்றாக. ஆள்காட்டி விரல் மேல் ஒன்று. நடுவிரல் மேல் ஒன்று.

அழுத்தின.

கம்பி விரல் நுனியில் இறங்கியது. அவள் ஒருநாளும் பிடித்திராத பிடி. அவள் விரல் அவ்வளவு தூரம் விரியாது. அந்த விரல்கள் விரித்தன.

வலது கை தானாக இறங்கியது.

டங்...

ஆம்ப் இல்லாமல், வெறும் கம்பிச் சத்தம். காதுக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு.

டங்...

இன்னொரு மூச்சு. பாட வாயெடுக்கிறவன் இழுக்கிற மாதிரி.

குரல் வரவில்லை.

மூச்சு மட்டும்...

ஐந்து பதினொன்றுக்கு ஜெனரேட்டர் இரைந்தது. விளக்கு எரிந்தது. அவள் கை விடுபட்டது. மரியபுஷ்பம் அப்படியே மேடையில் உட்கார்ந்துவிட்டாள்.

லோகேஷ் ஓடிவந்தான். அவள் இடது கையைப் பிடித்துப் பார்த்தான். நான்கு விரல்களின் முதுகிலும் நீளநீளமாகச் சிவந்து கன்றியிருந்தது. "ஷாக் அடிச்சிருக்கு. எர்த் சரியில்ல. அஃப்சல், மொதல்ல ஆம்ப் பிளக்கப் புடுங்கு."

அஃப்சல் கையைத் தூக்கிக் காட்டினான்.

பிளக் அவன் கையில்தான் இருந்தது. ஐந்து நிமிஷமாக.

திங்கட்கிழமை காலை மரியபுஷ்பம் ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு முதல் பஸ்ஸில் சேலத்துக்கு இறங்கினாள். இந்தத் தடவை கிட்டாரை மடியில் வைத்துக்கொள்ளவில்லை. பஸ்ஸின் பின்கடைசியில் வைத்துவிட்டு டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கடைக்காரர் பெட்டியைத் திறந்து பார்த்தார். "என்னுங்க மேடம், ஏதாவது கம்ப்ளைண்டுங்களா?"

சொல்ல வேண்டிய இடம் அதுதான். அவளுக்கும் அது தெரியும். சொன்னால் கடைக்காரர் என்ன நினைப்பார், திருப்பி எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டால் மறுபடி இதைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டுமே, தங்கை தனியாக இருக்கிற வீட்டுக்கு... இத்தனையும் ஒரே நொடியில் மனதில் ஓடியது.

"ஒண்ணுமில்லீங்க. கழுத்து கைக்கு ஒத்து வரல. வேற மாத்திக்கிறேன்."

கடைக்காரர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அதிசயமா இருக்குதுங்க. ஆத்தூர்க்காரர் ஒருத்தரும் இதையேதான் சொன்னாரு."

"புதுசுன்னு சொன்னீங்களே?"

"புதுசுதானுங்க. ஏழே நாள்தான் வெச்சிருந்தாரு. தாள்கூடப் பிரிக்கல."

அவள் பில் புத்தகத்திலிருந்து அந்த ஆளின் போன் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். சாதிக் பாஷா. கல்யாண வீடுகளில் வாசிக்கிறவராம். வேறொரு கிட்டாரை மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, பதினொன்று இருபதுக்கு அவருக்குப் போன் போட்டாள்.

கருநீலக் கிட்டார் என்று சொன்னதுமே எதிர்ப்பக்கம் வண்டியை ஓரமாக நிறுத்துகிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"உங்களுக்கு எந்தக் கைங்க?"

மரியபுஷ்பம் தன் இடது கையைப் பார்த்தாள். "ரெண்டும்" என்றாள்.

"எங்கிட்ட வலது கை மட்டும்தாங்க வந்துச்சு."

"நீங்க கடையில சொல்லியிருக்கலாமே."

"நீங்க சொன்னீங்களா?"

அவள் போனை வைத்துவிட்டாள். ஏற்காடு பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது. ஏறவில்லை. கடைக்குப் போன் செய்தாள். அந்தக் கிட்டாரை யாருக்கும் கொடுக்காதீர்கள், நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

"அது போயிடுச்சுங்களே மேடம். நீங்க வெளிய போன அரைமணி நேரத்துல. ஒரு அம்மா பொண்ணோட வந்தாங்க. பாப்பாவுக்குக் கலர் நொம்பப் புடிச்சுப் போச்சு."

அந்த அம்மாவின் பெயர் சுஜாதா. மகள் தீபிகா. எட்டாம் வகுப்பு. கடைக்காரர் நம்பர் கொடுத்தார். நல்லெண்ணத்தோடுதான் கொடுத்தார்.

மரியபுஷ்பம் அன்றைக்குப் போன் செய்யவில்லை. மறுநாளும் செய்யவில்லை. என்னவென்று சொல்வது? பைத்தியம் என்பார்கள். ஒருவேளை அந்தக் குழந்தைக்கு ஒன்றும் தெரியாமலேயே போகலாம். நாம் மலைமேல் இருக்கிறோம், இங்கே பனி, அதனால்தான் நமக்கு அப்படி... தினமும் இரவு ஜெபம் பண்ணும்போது நாளைக்குக் கட்டாயம் பேசிவிட வேண்டும் என்று நினைப்பாள். காலையில் வேலைக்குப் போய்விடுவாள். அப்படியே எட்டு நாள் போனது.

டிசம்பர் மூன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மாலை ஆறு நாற்பதுக்கு அவள் போன் அடித்தது.

"ஏனுங்க, அந்தக் கிட்டார முன்னாடி வெச்சிருந்தது நீங்களுங்களா? கடையில கேட்டு வாங்குனேன் உங்க நம்பர. நான் சுஜாதா பேசறேன்."

குரல் ரொம்பத் தாழ்ந்திருந்தது. பக்கத்து அறையில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று பேசுகிற குரல்.

"பாப்பா நல்லா இருக்குதுங்களா?" என்றாள் மரியபுஷ்பம்.

"நொம்ப நல்லா வாசிக்கிறாளுங்க. ஒரு வாரத்துல யாரும் சொல்லிக் குடுக்காமயே. மொதல்ல சந்தோசமாத்தான் இருந்துச்சு." மூச்சு வாங்கினாள். "வெள்ளிக்கெழமையில இருந்து ரூமுக்குள்ள ஒரு ஆம்பள பாடற சத்தம் கேக்குதுங்க. நல்ல குரல். கணீர்னு இருக்குது. அவங்கப்பா கதவ ஒடச்சுக்கிட்டு உள்ள போனாரு. யாரும் இல்ல."

"அப்புறம்?"

"அவ மட்டும்தான் உக்காந்திருந்தா. அவ வாய்தாங்க அசையுது."

மரியபுஷ்பம் அப்போதுதான், எட்டு நாள் கழித்து, எல்லாவற்றையும் சொன்னாள். இரைச்சல் நின்றது, சுரம் கேட்டது, விரல்கள், மூச்சு, ஆத்தூர்க்காரர் சொன்னது. ஒன்று விடாமல்.

"குழந்தைய அந்த ஊட்ட விட்டுக் கூட்டிட்டுப் போயிடுங்க. கிட்டாரத் தொடாதீங்க. நான் வந்து எடுத்துக்கிறேன்."

சுஜாதா விலாசம் சொன்னாள். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டாள். "இத நீங்க அன்னைக்கே கடையில சொல்லியிருந்தா நாங்க வாங்கியிருக்கமாட்டோமில்லீங்க?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்துவிட்டாள்.

புதன்கிழமை ஆபீசில் லீவு கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலைதான் போக முடிந்தது. அஃப்சலும் கூட வந்தான். வேண்டாம் என்றாலும் கேட்கவில்லை. சேலத்தில் இறங்கி, ஆட்டோ பிடித்து, தெருவைத் தேடிக் கண்டுபிடித்தபோது மணி ஒன்பது நாற்பது.

சின்ன வீடு. பச்சைக் கேட். எங்கோ ரேடியோ பாடுகிற மாதிரி கேட்டது. அஃப்சல் தெருவிலேயே நின்றான். மரியபுஷ்பம் கேட்டைத் திறந்து உள்ளே போனாள். வாசல் கதவில் பெரிய பூட்டு. எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. சுஜாதாவின் நம்பரை அடித்தாள். ஸ்விட்ச் ஆஃப்.

கதவருகே ஒரு நிமிஷம் நின்றாள். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. போய்விட்டார்கள். குழந்தை தப்பித்தது.

பக்கத்து வீட்டு மதிலுக்கு மேலே ஓர் அம்மாவின் தலை தெரிந்தது. துணி காயப் போட்டுக்கொண்டிருந்தவள். "யாருங்க வேணும்?"

"சுஜாதா ஊட்டுக்கு வந்தோமுங்க."

"அவங்க நேத்து காலைல அஞ்சு மணிக்கே கெளம்பிட்டாங்களே. அவங்க ரெண்டு பேரும், பாப்பாவும். பாப்பாவத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுத்தான் ஓடுனாங்க. எங்கன்னு சொல்லல."

"கிட்டார் ஒண்ணு... அத எடுத்துட்டுப் போனாங்களா, பாத்தீங்களா?"

"கையில ஒண்ணுமில்லீங்க. மாத்துத் துணிகூட இல்ல." அந்த அம்மா ஈரச் சேலையைப் பிழிந்து கொடியில் போட்டாள். "ஆனா விருந்தாளிய உள்ள விட்டு எதுக்குப் பூட்டிட்டுப் போனாங்கன்னுதான் தெரியல."

"எந்த விருந்தாளிங்க?"

"அதாங்க, பாடறாரே. நல்ல குரல். நேத்து காலைல இருந்து விடாம பாட்டு. ராத்திரி பூரா எங்களுக்குத் தூக்கம் இல்ல." அவள் சாத்திய ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மரியபுஷ்பத்தைப் பார்த்தாள்.

"இப்பத்தாங்க நிறுத்துனாரு. நீங்க இந்தக் கேட்டத் தொறந்தீங்க பாருங்க, அப்ப."